எல்லார் பிரஷரும் என் பேரில்

முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. பிரஷர் ஏறியது தெரியாமலே இருந்துவிட்டோம் என்றார்கள். அதனால் இரண்டாவது தரித்ததும் தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு பிரஷர் மெஷினைக் கொடுத்து, போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிவிட்டார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும், அளவு தானாக நர்ஸம்மாவுக்குப் போய்விடும். ஆப்பில் பாடமும் உண்டு. சாய்ந்து உட்கார், பேசாதே, தலைவலி வந்தால் உடனே சொல். நானும் நல்ல பிள்ளையாகப் பார்த்தேன்.

எங்கள் ஊர் வடகரையில் ஒரு வீட்டுக்கு மெஷின் வந்தால் அது அந்த வீட்டு மெஷினாகவா இருக்கும்? முதலில் எதிர்வீட்டு மதினி வந்தாள். "ஏட்டி, எனக்கும் ஒரு வாட்டி பாரேன், காலையில இருந்து கிறுகிறுன்னு வருது." பார்த்தேன். மறுநாள் தன் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். பிறகு பால்கார அண்ணாச்சி. வாசல் ஏறி வந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. வீட்டுக்காரர் புளியறையில் ஹோட்டல் வைத்திருக்கிறார், விடியுமுன்னே போய்விடுவார். நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசியது எனக்கும் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தனை பேர் அளவும் என் பேரில் போயிற்று. நர்ஸம்மா பதறிக்கொண்டு கூப்பிட்டார். "என்னம்மா, நூத்தியெழுபது காட்டுது?"

"அது எதிர்வீட்டு மதினியுது சிஸ்டர்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒனக்கும் ஒன் பிள்ளைக்கும் தந்தது அது. ஊருக்கு இல்ல" என்றார். இரண்டு நாள் வைராக்கியமாக இருந்தேன். மூன்றாம் நாள் மதினி வந்து கையை நீட்டியதும் பட்டையை எடுத்துவிட்டேன்.

எனக்கு எட்டாம் மாதம் தொடங்கியபோது குற்றாலத்தில் சீசன். எங்கள் தெருவிலும் மழை விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் நர்ஸம்மா மறுபடி கூப்பிட்டார். "நாலு மணிக்கு நூத்தியறுபது இருக்கு. இது யாருது?"

"மதினியுதா இருக்கும் சிஸ்டர்." சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். காலையிலிருந்தே தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தைலம் தேய்த்திருந்தேன். அடுப்பில் பாலை வைக்கும்போதுதான் உறைத்தது. மதினி காலையிலேயே சுரண்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள். மழைக்கு அன்று வேறு யாரும் வரவில்லை. நாலு மணிக்குப் பட்டையைச் சுற்றியது நான் மட்டும்தான். அளவைக்கூடப் பார்க்காமல் கழற்றி வைத்திருக்கிறேன்.

கடவுளே என்று அடுப்பை அணைத்தேன். பிறகு போன் போட்டு, "சிஸ்டர், அது என்னுது" என்றேன்.

"ஆட்டோ பிடிச்சு ஒடனே வா. திட்டுததுக்குப் பெறவு நேரம் இருக்கு."

அன்றைக்கே பெற்றெடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை பொடிசாகத்தான் பிறந்தாள், ஆனால் ஆஸ்பத்திரியே கேட்க அழுதாள். சில நாள் கழித்துப் பார்க்க வந்த மதினி, அறைக்குள் வராமல் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தாள். "எல்லாம் என்னாலதானட்டி. நான் வந்து கைய நீட்டாம இருந்தா இப்படி ஆயிருக்குமா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கட்டிலை விட்டு இறங்கிப் போய் அவளை உள்ளே இழுத்தேன். "நீங்க அன்னிக்கு ஊர்லயே இல்ல மதினி. என் பிரஷரத் தூக்கி உங்க தலையில கட்டுனது நாந்தான்."