வெட்டாத இரண்டு பக்கங்கள்

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, வாய் நீளம். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை விட்டு, நகக்கண் அளவு சிப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஞாயிறு வந்தால் ஒரு தமிழ்ப் பத்திரிகையில், புனைபெயரில், புது நாவல்களுக்கு விமர்சனம் எழுதுவேன். இரண்டும் குறை கண்டுபிடிக்கிற வேலைதான், இரண்டிலும் நான் கெட்டிக்காரி என்று நினைப்பு. அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தகங்கள் என்னுடையவை அல்ல. டவுனில் புத்தகக் கடை வைத்திருந்த ஓர் அண்ணன் இரவல் தருவார். படித்துவிட்டு, விற்கிற மாதிரி புதிதாகவே திருப்பித் தர வேண்டும். அந்தக் காலத்தில் பல புத்தகங்களில் சில தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் இரண்டிரண்டாகச் சேர்ந்தே இருக்கும். வாங்குகிறவர்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டியிருந்தால் யாரோ படித்த புத்தகம் என்று ஒருவரும் தொடமாட்டார்கள். "கத்தி வச்சே, அப்புறம் இந்தப் பக்கம் வராதே லா" என்பார் அண்ணன். அதனால் மடிப்பைப் பை மாதிரி உப்பவைத்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்து வாசிப்பேன்.

அந்தத் தீபாவளிக்குப் பத்திரிகை ஆசிரியர் ஒரே வாரத்தில் நான்கு கேட்டார். மாயாஜாலம், மர்மம், காதல், விஞ்ஞானம், எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. கடைசியாக எடுத்தது விஞ்ஞான நாவல், உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதியது. நிலவில் ஒரு தொழிற்சாலை, அதில் வேலை பார்க்கும் அக்கா, தங்கை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாள் வெட்டுப்படாமல் இருந்தது. எனக்கோ கண் எரிந்தது. இரண்டு பக்கம்தானே, ஏதாவது வர்ணனையாக இருக்கும் என்று தாண்டிவிட்டேன். தாண்டிய பிறகு கதையில் தங்கையைக் காணோம். விடுவேனா? 'நூலாசிரியர் தங்கையைத் தொலைத்துவிட்டார், தேடவேண்டும் என்ற நினைப்புகூட இல்லை. இவ்வளவு மறதிக்காரர் பேனாவைத் தொடாமலிருப்பது நல்லது' என்று எழுதி அனுப்பினேன்.

அது அச்சில் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை ஜெலுத்தோங்கில் ஃபேக்டரி பஸ் ஏறினேன். என் பக்கத்து இருக்கை ஓர் அக்காவுக்கு. வேலையிலும் எனக்கு அடுத்த மைக்ராஸ்கோப் அவருடையதுதான். தினமும் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி எனக்குத் தருவார். அன்று எதையும் பிரிக்கவில்லை. மடியில் என் விமர்சனம் வந்த பத்திரிகை.

"இதப் படிச்சியா?" என்றார். "இந்தப் புக்கு நான் எழுதினது லா. வீட்டுல ஏசுவாங்கன்னு ஆம்பளப் பேர்ல போட்டேன்."

"அலாமாக்! நீங்களாக்கா?"

"நான் தங்கச்சிய மறந்துட்டேனாம். மோட்டார்ல அடிபட்டுச் செத்துப்போச்சே என் தங்கச்சி, அவளுக்காகத்தான் எழுதினதே. நூத்தி எம்பத்தாறு, எம்பத்தேழு, ரெண்டு பக்கமும் அவ மட்டுந்தான். இவன் கண்ணு என்னா அவிஞ்சா போச்சு?"

பையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்தார். அவருடைய அடுத்த நாவல், முக்கால்வாசி முடிந்தது. "ஃபேக்டரி கேட்டுகிட்ட குப்பை டிரம் இருக்குல்ல, அதுல போட்டுட்டுத்தான் உள்ள வருவேன். போதும் சாமி."

கேட்டுக்கு இன்னும் இருபது நிமிடம். அவருடைய நாவல் என் கைப்பையில் இருந்தது, வேலை முடிந்து கடையில் திருப்பித் தருவதற்காக. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. "விடுங்கக்கா, எவனோ எழுதினான்" என்று சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு என்மீது அருவருப்பாக இருந்தது. தொழிற்சாலைக் கூரைகள் தெரிந்ததும் அவர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அக்கா, அத எழுதினது நான்தான்."

புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்தத் தாளில் விரல் நின்றது. இன்னும் வெட்டுப்படாமலே இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பு. ஓரம் கோணல்மாணலாகக் கிழிந்தது.

"படி."

ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். நிலவில் காற்று இல்லை, காலடித் தடம் அழியாது. அக்கா தினமும் ஷிப்ட் முடிந்ததும் தங்கையின் தடத்தை மிதித்துவிடாமல் பக்கத்திலேயே நடக்கிறாள். தடம் முடிகிற இடம் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறாள். இதைத்தான் தேடவில்லை என்று எழுதியிருந்தேன், பாவி.

பஸ் நின்றது. அக்கா டிரம் அருகே ஒரு கணம் தயங்கினார். பிறகு நோட்டோடு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு நடந்ததை என் சொந்தப் பெயரில் எழுதினேன். ஆசிரியர் அதைப் போட்டார், அதோடு என் விமர்சனத்தையும் நிறுத்தினார். கிழிந்த புத்தகத்தைக் கடை அண்ணன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் அடுத்த நாவல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கடைக்கு ஓடினேன். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"பாரும்மா இந்தக் கூத்த. அந்தம்மா அத்தன புக்கையும் பிளேடு வச்சி அதுவே வெட்டிக் கொண்டாந்து போட்டுருக்கு. எவன் லா புதுசுன்னு வாங்குவான்?"

ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். ஒரு தாள்கூடச் சேர்ந்திருக்கவில்லை.