முதுகெலும்பு டாக்டரின் நடுக்கம்

மற்ற டாக்டர்களுக்கு நோயாளி எழுந்து உட்கார்ந்தால் சந்தோஷம். எனக்கு உயிரே போய்விடும். முதுகெலும்பு பார்க்கிற தொழில் அப்படி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு இதைப் படிக்கும் முதுகுவலிக்காரர்களே, உங்கள் வலி எனக்குத் தெரியும். உங்கள் முதுகைத் தொடும்போது நான் எவ்வளவு பயப்படுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயத்தில் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரே ஒரு மனிதரால் நான் பட்ட பயங்களை மட்டும் சொல்கிறேன். மற்றவர்களைச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்கும் நடுக்கம் வந்துவிடும்.

உட்கார்ந்தே வந்தவர்

கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளே கருப்பையா உட்கார்ந்திருந்தார். உட்காரவைத்திருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. புளி உலுக்க மரம் ஏறியவர், கிளை முறிந்து முதுகு அடிபட விழுந்திருக்கிறார். மச்சான் சின்னத்தம்பி பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தார். மனைவி பொன்னம்மா அவருடைய துவண்டுபோன கால்களைத் தன் மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

முதுகெலும்பு உடைந்தவரைப் பலகையில் கிடத்தி, அசைக்காமல் கொண்டுவர வேண்டும். எலும்புக்குள்ளே ஓடுகிற தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அது கொஞ்சம் நசுங்கியிருந்தால் தேறுவதற்கு வழியுண்டு. உடைந்த எலும்பு ஒவ்வொரு குலுக்கலிலும் அதை அறுத்துக்கொண்டே வந்திருந்தால் வழியே இல்லை. இவரோ அத்தனை தூரமும் குண்டும் குழியுமான ரோட்டில் உட்கார்ந்தே வந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே குண்டூசியால் குத்தினேன். அவர் பாட்டுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தார். குத்தியது தெரியவே இல்லை. ஏன் படுக்கவைத்துக் கொண்டுவரவில்லை என்று மச்சானிடம் கத்தினேன். அவர் மிரண்டுபோய்ச் சொன்னார்: “படுக்கவச்சுக் கொண்டாந்தா வழியில பாக்குறவங்க பொணம்னு நெனச்சுருவாங்கய்யா. உசுரோட இருக்கிற ஆளை அப்படிக் கொண்டாரலாமா?”

கடைசி வரிசை

நான் இந்த வைத்தியத்துக்கு வந்ததே பயத்தினால்தான். மதராஸில் படித்தபோது எலும்பு வார்டின் கடைசி வரிசைக் கட்டில்கள் முதுகு ஒடிந்தவர்களுக்கு. பெரிய டாக்டர் மற்ற வரிசைகளில் நின்று பேசுவார். அங்கே வந்ததும் நடையைக் கூட்டிவிடுவார். அந்த நோயாளிகள் எலும்பு உடைந்ததால் சாகவில்லை. அசையாமல் கிடந்து முதுகில் புண் வைத்து, சிறுநீர் தேங்கிச் சீழ் பிடித்து, ஜுரத்தில் செத்தார்கள். காலையில் கண் விழித்ததும் கால் விரலை ஆட்டிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்தது. இன்றுவரை போகவில்லை.

பிறகு, சீமையில் படித்துவிட்டு வந்த ஒருவரிடம் சில காலம் வேலை பார்த்தேன். கத்தியைத் தொடுவதற்கு முன்னால் ஆளைப் புரட்டக் கற்றுக்கொள் என்பார். இரண்டு மணிக்கொரு தரம், மூன்று பேர் சேர்ந்து, முதுகு முறுக்கிக்கொள்ளாமல் கட்டையை உருட்டுவதுபோல ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். ரப்பர் குழாயைக் கொதிக்கவைத்துச் சுத்தமாகச் சிறுநீர் எடுக்க வேண்டும். தோல் லேசாகச் சிவந்தாலே பதற வேண்டும். அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்க உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பதையும் அவர்தான் சொன்னார். அப்படியானால் நாம் எதற்கு என்று கேட்டேன். “கடைசி வரிசையில இருக்கிறவன் உயிரோட வீட்டுக்குப் போகணும். அதுக்குத்தான்யா நாம” என்றார்.

பக்கத்துக் கட்டில்

கருப்பையாவுக்கு நான் ஆபரேஷன் செய்யவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு ரொம்ப விலகியிருக்கவில்லை. திறந்தால் தண்டுவடத்தில் மிச்சம் மீதி இருப்பதையும் கெடுத்துவிடுவேனோ என்று பயம். பலகை போட்ட கட்டிலில் மட்டமாகக் கிடத்தி, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் காதர் பாயும் நர்ஸும் நானுமாகப் புரட்டினோம். எந்தக் காரணம் கொண்டும் உட்காரவைக்கக் கூடாது என்று பொன்னம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் மதியம் வார்டுக்குள் நுழைகிறேன், கருப்பையா உட்கார்ந்திருக்கிறார். மச்சான் பின்னால் முட்டுக் கொடுக்க, பொன்னம்மா தயிர்சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் அவரைப் பிடித்து மெதுவாகக் கிடத்தினோம். நேற்று ஏதாவது மிச்சமிருந்திருந்தால் இன்று அதுவும் போயிருக்குமோ என்று பயந்தேன். பொன்னம்மா அழுதாள். மல்லாந்து கிடக்கிறவர் வாயில் சோற்றைப் போட்டால் அது வாய்க்கரிசி மாதிரி இல்லையா, கட்டினவளே அதைச் செய்யலாமா என்று கேட்டாள். பிணத்தின் வாயில் அரிசி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு அதில் மல்லாந்து படுத்து, எனக்கு ஊட்டும்மா என்று வாயைத் திறந்தேன். ஒரு கவளம் வைத்தாள். விழுங்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் அம்மா பார்த்திருந்தால் கட்டிலோடு சேர்த்து என்னைக் கவிழ்த்திருப்பாள். இன்னும் இரண்டு கவளம் வாங்கித் தின்றுவிட்டு எழுந்து நின்றேன். பொன்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்போதும் அவளுக்குக் கை வரவில்லை. காதர் பாய்தான் சொன்னார்: “டாக்டர் எந்திரிச்சுட்டாரும்மா, பயப்படாம ஊட்டுங்க.”

துள்ளிய கால்

சில வாரங்கள் போயின. புண் வரவில்லை, ஜுரமும் வரவில்லை. நான் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் காலை பொன்னம்மா ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தபோது, கருப்பையாவின் கால் வெடுக்கென்று துள்ளியது. அவள் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது; நானும் ஓடிவந்தேன். இன்னொரு தரம் துடைத்தாள், இன்னொரு தரம் துள்ளியது. சின்னத்தம்பி அன்றைக்கே ஊருக்குப் போய் அய்யனாருக்குப் பொங்கல் வைத்து, மறுநாள் தூக்குவாளியில் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

நான் அதை வாங்காமல் கருப்பையாவின் கட்டிலுக்குப் போனேன். தண்டுவடம் அறுந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் கழித்துக் கால் இப்படித் தானாகத் துள்ளும். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நாம் சொல்லி அசைந்தால்தான் நம்பிக்கை. கட்டைவிரலை அசைத்துக் காட்டச் சொன்னேன். கருப்பையா பல்லைக் கடித்து, முகம் வேர்க்க முயன்றார். விரல் கிடந்தபடியே கிடந்தது. குத்தகை வயலை நம்பிப் பிழைக்கிற குடும்பம். இந்த மனிதர் இனி நடக்கப்போவதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பொன்னம்மா இலையை நீட்டினாள். “பொங்கல் சாப்புடுங்கய்யா. அறுப்புக்குள்ள வயலுக்கு நடந்தே போயிருவாரு.”

வாயில் வராத வார்த்தை

அன்றிலிருந்து நான் அந்தக் கட்டிலுக்குத் தனியாகப் போவதை விட்டுவிட்டேன். நர்ஸையோ காதர் பாயையோ கூட்டிக்கொண்டுதான் போவேன். வேறு ஆள் இருந்தால், எப்போது நடப்பது என்று கருப்பையாவும் பொன்னம்மாவும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. எலும்பு கூடியதும் அவரை உட்காரவைத்தோம். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும், கட்டிலிலிருந்து இறங்கவும் பழக்கினோம். ஆசாரி ஒருவரைப் பிடித்துச் சக்கரம் வைத்த பலகை செய்து கொடுத்தேன். இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. நடப்பதற்கு முன்னால் செய்கிற ஏற்பாடு என்று நம்பிக்கொண்டிருக்கிறாரோ?

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் வேறு வழியில்லாமல் அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். பொன்னம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கருப்பையா, உங்கள் கால் விஷயமாக என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. எத்தனை தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாலும், ஒரு மனிதரின் கண்ணைப் பார்த்து அதைச் சொல்வது லேசான காரியமில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பொன்னம்மா நிமிரவில்லை; கை மட்டும் நின்றுவிட்டது. கருப்பையா சொன்னார்: “தெரியும்யா. கால் துள்ளுனப்ப வார்டே சிரிச்சுச்சு, நீங்க மட்டும் சிரிக்கல. பொங்கல் குடுத்த அன்னிக்கு ராத்திரியே இவகிட்டயும் சொல்லிட்டேன். நீங்கதான் ரொம்பப் பயந்து போயிருந்தீங்க, அதான் ரெண்டு பேரும் கேக்காம இருந்தோம்.”

அதற்குப் பிறகு எத்தனையோ முதுகுகளைத் தடவிப் பார்த்துவிட்டேன். முகத்தைப் பார்த்தே என் வியாதியைக் கண்டுபிடித்து, எனக்குத் தெரியாமலே அதற்கு வைத்தியமும் பார்த்தவர் கருப்பையா ஒருவர்தான்.