சீமைக்குப் போன ரேகை

என் அப்பா ஒச்சப்பனை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எந்தத் தாளிலும் பெருவிரல் வைக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதுதான். ஆனாலும் தன் பெயரை மட்டும் சிலேட்டில் எழுதி எழுதிப் பழகி வைத்திருந்தார். ரேஷன் கடைக்காரர் மை டப்பாவை நகர்த்தினால் போதும், "பேனாவக் கொண்டாங்க" என்று ஒரு அதட்டல். அந்த ஒரு கையெழுத்தை அவர் போட்டு முடிப்பதற்குள் வரிசையில் நிற்கிறவர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அவர் வாலிபத்தில் வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சனத்து ஆண்களை, களவாண்டவன் களவாளாதவன் என்ற பேச்சே இல்லாமல், பிறந்த பிறப்புக்காகவே போலீசார் கைரேகை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். கல்யாணத்தன்றும் அய்யா அங்கேதான் படுத்தார். அம்மா இதை ஒரே தடவைதான் சொன்னாள், நான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது. "ஒனக்கென்னடி கொறச்சல்? ஒம்புருசன் வீட்டுலயாச்சும் படுக்குறான்ல" என்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனேன்.

சட்டம் ஒழிந்ததும் அய்யா போடிப் பக்கம் சிலமலைக்கு வந்துவிட்டார். வேலை போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில். பச்சைக்காயை அனலில் காயவைத்து, சூடு ஆறுமுன் கம்பி வலையில் கையால் தேய்த்துக் காம்பு உதிர்க்க வேண்டும். விடியக்காலை ஜீப்பில் நசுங்கிக்கொண்டு ஏறுவார், பொழுது போய் இறங்குவார். வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் வீட்டில் பேச்சு என்பது அவ்வளவுதான்.

தம்பி ராஜாராம் எனக்கு ஒன்பது வயது இளையவன். ரேகைச் சங்கதி எதுவும் அவன் காதுக்கு எட்டக் கூடாது என்பது அய்யாவின் உத்தரவு. அவன் பியூசி முடித்து, எங்கெங்கோ எழுதிப் போட்டு, உதவித்தொகை வாங்கி, எழுபத்தொன்பதில் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினான். படிப்பு குற்றவியலாம். பி.ஏ. பட்டமாம்.

"வக்கீலுக்கா?" என்பார்கள் பஸ்ஸில். இல்லை. "அப்ப போலீசுக்கா?" அதுவும் இல்லை. "பெறகு என்ன எழவுக்கு அம்புட்டுத் தூரம்?" எனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. ஆளுங்கள் ஏன் தப்புச் செய்கிறார்கள் என்று படிக்கிறானாம் என்றால், அதை இங்கேயே பார்க்கலாமே என்று சிரித்தார்கள். அய்யா மட்டும் ஜீப்பில், "எம்மகன் ஜட்ஜுக்குப் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. மனுஷனுக்கு அந்த ஒரு சந்தோஷம்தான் இருந்தது.

என்னைக் கட்டிக் கொடுத்தது அடுத்த தெருவில்தான், அவன் கடிதத்தை வாசித்துக் காட்ட நான்தான் போவேன். இரண்டாம் வருஷம் அவனிடமிருந்து தடித்த கவர் வந்தது. உள்ளே மூன்று அட்டைகள், ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டம். தகப்பன் ரேகையும் மகன் ரேகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுத வேண்டுமாம். அதற்கு மார்க் உண்டாம். அய்யாவின் பத்து விரலையும் மையில் உருட்டி அனுப்பு அக்கா என்று எழுதியிருந்தான், கூறுகெட்டவன்! அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

வாசித்து முடித்தேன். அய்யா எழுந்து நின்றார்.

"ரேகை எடுக்குற படிப்பா அது?"

"அதுவும் ஒரு பாடமாம்ய்யா."

"ரேகை எடுக்கப் படிக்கவா எம்புள்ளைய அனுப்புனேன்? அந்த அட்டையத் தூக்கி அடுப்புல போடு."

போடவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தேன். நாலைந்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி பேரை எடுத்தாலே வெளியே போய்விடுவார். இந்தப் பிள்ளையிடம் இனி இவர் முகம் கொடுத்துப் பேசுவாரா என்று பயந்தேன். அம்மாவோ இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவராகவே கேட்டார். "குடுக்கலைன்னா அவனப் பெயிலாக்கிருவாய்ங்களா?"

"தெரியலய்யா. மார்க்கு கொறையும்."

"கொண்டா."

மை தடவிய பலகையை வைத்துவிட்டு, எப்படி உருட்ட வேண்டும் என்று தம்பி எழுதியிருந்ததை வாசிக்கத் தாளைப் பிரித்தேன். அதற்குள் நாலு விரல் முடிந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மணிக்கட்டைத் தளர விட்டு, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொன்றாக உருட்டினார். யாரோ கையைப் பிடித்து உருட்டுவது போலவே இருந்தது. நான் அழுதேன்.

ஆனால் அட்டையில் விழுந்தது பத்துக் கறுப்புத் திட்டு. ஒரு கோடு இல்லை. கம்பி வலையில் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போனது போகட்டும், எந்த ஸ்டேஷனுக்கும் இனி இவரைத் தெரியாது என்று நினைத்தேன். அவரோ விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாத்தா, அவனுக்கு மார்க்கு போயிருமே" என்றார். இன்னொரு அட்டையில் அழுத்தி உருட்டினார். அதுவும் திட்டுத்தான்.

மறுநாள் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அய்யா ஏறவில்லை. மேஸ்திரியிடம் மேலுக்குச் சரியில்லை என்று சொல்லச் சொன்னார். காய்ச்சலிலும் லீவு போடாத மனுஷன், விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். ஒரு செம்பைக்கூடத் தூக்க மாட்டார். அம்மாதான் சோறு ஊட்டினாள். தினம் காலையில் துணியை அவிழ்த்து, "முளைச்சிருக்கா பாரு" என்று என்னிடம் நீட்டுவார். எந்தத் தாளிலும் ரேகை வைக்கக் கூடாது என்று வாழ்ந்தவர், அது வர வேண்டும் என்று காத்துக் கிடந்தார். என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

மாதக் கடைசியில் லேசாகக் கோடு தெரிந்தது. மூன்றாவது அட்டையில் பத்தும் விழுந்தது. நானே போடிக்குப் போய்த் தபாலில் சேர்த்தேன்.

தம்பியின் பதில் வந்தபோது அய்யா மறுபடியும் ஸ்டோருக்குப் போக ஆரம்பித்திருந்தார். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசித்துக் காட்டினேன். அட்டை கிடைத்த வாரம் வகுப்பில் ரேகைச் சட்டம் பாடமாக வந்ததாம். வெள்ளைக்கார வாத்தியார் வாயில் உசிலம்பட்டிப் பெயர் வந்ததாம். "அய்யாகிட்டயா நான் அதக் கேட்டேன்? ஏன்க்கா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல? அட்டைய நான் குடுக்கல. யார் கையிலயும் குடுக்க மாட்டேன். மார்க்கு போனாப் போகுது" என்று எழுதியிருந்தான்.

"குடுக்கலையா?" என்றார் அய்யா.

"இல்லய்யா."

"கிறுக்குப்பய." துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி நின்றார்.

"அடுத்த தடவ எப்ப வேணும்னு முன்னாடியே எழுதச் சொல்லு, ஆத்தா. ரேகை வளர நாள் ஆகுதுல்ல."