அரைச் சுற்றுப் பெற்றோல்

அந்த அமெரிக்கக் கார் இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. லண்டன் லூயிஷாமில் ரயில் பாலத்தின் வளைவுக்குள் இருந்த கராஜ் அது. நீண்ட மூக்கும் எட்டு சிலிண்டரும் கொண்ட அந்தப் பழைய கார் சும்மா நிற்கும்போது சீராக உறுமும். ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேற்றர் வழியாகப் படீரென்று இருமிவிட்டு அணைந்துபோகும். பக்கத்தில் அத்தான், கையில் ஸ்குறூட்றைவரோடு நிற்பார்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் பேர்போன மெக்கானிக். லண்டனில் ஒன்பது வருடமாக அந்தக் கராஜில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். கம்பியூட்டரைச் செருகி நோய் பார்க்கிற காலத்தில் சத்தத்தைக் கேட்டே பிழை பிடிக்கும் அவருடைய காதை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கார் வந்தபோது, அங்கிருந்த மற்றவர்கள் ஒருவரும் கார்புரேற்றரைத் திறந்தும் பார்த்ததில்லை என்பது தெரியவந்தது. தனக்கு ஏலும் என்றார் அத்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஓடவைத்தால் மெக்கானிக் வேலை, இல்லாவிட்டால் பழையபடி டயர்தான் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பக்கத்து உதிரிப்பாகக் கடையில் விற்பனைக்கு நின்ற எனக்கு அன்றிலிருந்து வேலையே ஓடவில்லை.

அத்தான் அதைக் கழற்றிய அழகைப் பார்த்திருக்கவேண்டும். ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். ஊசி நுழையாத துளைகளையெல்லாம் ஊதித் துப்புரவாக்கினார். நான் கொண்டுபோய்க் கொடுத்த கசிவைத் தடுக்கும் புதிய காஸ்கெட்டுகளைப் போட்டு, உள்ளே பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தை அளந்து வைத்தார். கடைசியில், பெற்றோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகாணிகள். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டுத்தான் திருகுவார். இயந்திரம் உறுமும், அவர் முகம் மலரும், மிதித்தால் மறுபடி இருமல். புதனும் வியாழனும் இதே கதை. கழற்றினார், பூட்டினார், ஒரு பிழையும் அகப்படவில்லை. எனக்கு அழுகை வராத குறை.

வெள்ளி மத்தியானம் அக்கா சோற்றுப் பார்சலோடு வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, அத்தான் திருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குக் கார்புரேற்றரைத் தெரியாது, அத்தானைத் தெரியும்.

"ஒவ்வொரு முறையும் கடைசியில கொஞ்சம் இறுக்கிறியள்," என்றார்.

அத்தான் கையை எடுத்துவிட்டார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. போர் நாட்களில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலை விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய கை அது. அப்போது பெற்றோல் மருந்துபோலச் சின்னப் போத்தலில்தான் கிடைத்தது. வந்த வண்டிகளுக்கெல்லாம் பெற்றோல் குறைவாகப் போகும்படி அரைச் சுற்று இறுக்கி, இருக்கிற கொஞ்சத்தில் ஓடவைத்துத்தான் அவர் பேரெடுத்தார். பட்டினி கிடக்கும் இயந்திரத்தின் சத்தமே அவருக்கு நல்ல சத்தமாகிவிட்டது.

அக்கா கிட்டப் போய் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை வயித்தில குறுக்க நிண்ட நேரம், அரைப் போத்தல் பெற்றோலில என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கை இது. நான் மறக்கேல்லை. ஆனா இஞ்ச தடை இல்லையப்பா. அது குடிக்கட்டும், விடுங்கோ."

அத்தான் இரண்டு திருகாணிகளையும் அரைச் சுற்றுத் திறந்தார். மிதித்தார். கார் இருமவில்லை. அது போட்ட சத்தத்தில் மேலே போன ரயிலே கேட்கவில்லை. முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். திங்கட்கிழமையிலிருந்து டயர்ப் பக்கம் போகவேண்டாம் என்றார்.

ஓட்டிப் பார்ப்பதற்காக எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அத்தான் பிளாக்ஹீத் வரை போனார். இப்போது நான் ஓட்டும் கார் சிவப்பு விளக்கில் தானாகவே அணைந்து, பச்சையில் தானாகவே ஓடத்தொடங்குகிறது. யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அன்று, வழியில் வந்த முதலாவது சிவப்பு விளக்கில், பெற்றோலை மிச்சம் பிடிக்க, காரை அணைப்பதற்காக அத்தானின் கை சாவிக்குப் போனது. அக்கா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். பச்சை விழுந்த பிறகும் எடுக்கவில்லை.