திருத்தணியில் கேட்ட ஒரு தாய்லாந்துச் சொல்

"…பட்டப்பகல்லங்க! காலைல ஏழு மணி, வெயிலு வந்துடுச்சி. கதவத் தட்டிகினே இருக்குது. தட்டிகினே 'ப்பீ, ப்பீ'ங்குது. அந்த ஊரு பாஷையில ப்பீன்னா பேயி. நான் பேயி வந்துகிறேன்னு தானே சொல்லிகினு வர்ற பேய எங்கனா பாத்துகிறீங்களா நீங்க?"

பெட்டியில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "பேய்க்கு வைக்க அந்த ஊர்க்காரனுக்கு வேற பேரே கெடைக்கலியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

2008 ஜூன், சனிக்கிழமை. சென்னையிலிருந்து திருத்தணிக்கு ஏழரை மணி மின்சார ரயில். டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வண்டி மணவூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. பேசியவர் கோதண்டம். மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கும் குடும்பத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலையில் சில வாரத்து முடி முள்முள்ளாக நின்றது. 1992இல் பாங்காக்கில் தமிழ் வியாபாரிகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸுக்குச் சமைக்கப் போயிருக்கிறார். போன மூன்றாம் மாதம், அந்த மே மாதத்தில், ராணுவத் தளபதி பிரதமரானதை எதிர்த்துத் தெருவில் திரண்ட கூட்டத்தை நோக்கி ராணுவம் சுட்டது.

"ராவெல்லாம் வெடிச்சத்தம். விடிஞ்சா அது வந்து தட்டுது. எனக்குத் தெரிஞ்சது கத்திரிக்கா, வெங்காயம், பத்து வரைக்கும் எண்ணிக்கை, அப்புறம் இந்தப் பேயி. கூட வேலை செஞ்ச பசங்க என்னை மிரட்டக் கத்துக்குடுத்த வார்த்தை. தொறப்பனா? அரிசி மூட்டைய இழுத்துக் கதவுக்கு அண்டக் குடுத்துட்டு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் தட்டிச்சு, போயிடுச்சு. மறு வாரமே ஊரு வந்துட்டேன். பின்னாலயே வந்துடக் கூடாதுல்ல? அதான் வருஷா வருஷம் மே மாசம் மலைல மொட்டை. இந்த வருஷத்தோட பதினேழு."

நான் போவதே தாய்லாந்துக் குறும்படம் பார்க்கத்தான் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் இல்லாம எப்படிங்க? உங்களுக்கு அர்த்தம் யாரு சொல்லுவாங்க?"

ஒன்பதே முக்காலுக்கு இறங்கி, நிலையத்துக்கு வெளியே ஆளுக்கு இரண்டு இட்லி தின்றோம். பதினோரு மணிக்கு மிஷன் பள்ளிக்கூடத்துக் கூடம். படம் காட்டுகிற எஸ்தர் டீச்சர் அங்கேயே ஆங்கிலம் நடத்துபவர். பாங்காக்கில் வேலை பார்க்கும் அவருடைய சித்தி மகள் அனுப்பிய சி.டி.யில் நான்கு படங்கள். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். படத்துக்கடியில் ஓடும் ஆங்கில வரியை டீச்சர் தமிழில் உரக்கச் சொல்வார், அவ்வளவுதான் ஏற்பாடு. கோதண்டம் தானாகவே முன்வரிசையில் போய் உட்கார்ந்தார், நான் அவருக்குப் பின்னால்.

முதல் படத்தில் ஒரு பீரங்கி வண்டி. இரண்டு வருடத்துக்கு முன் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எடுத்தது. அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் பெற்றோர் படம் பிடிக்கிறார்கள். சிப்பாய் கையில் பூ. எல்லோரும் சிரிக்கிறார்கள். சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டாவது படத்தில் யாருமே இல்லாத தெரு. ஒலிபெருக்கி மட்டும், வீட்டுக்குப் போங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. "யாருகிட்ட சொல்லுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோதண்டம் மட்டும், "இந்த மாதிரித் தெருதாங்க, இதே மாதிரிதான்" என்று தலையாட்டினார்.

மூன்றாவது படம் ஒன்பது நிமிடம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குறுகிய சந்தில் நடக்கிறாள். காலை வெயில். ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். தட்டிவிட்டு, "ப்பீ" என்கிறாள்.

"ஆங், கேட்டீங்களா!" கோதண்டம் எங்கள் பக்கம் திரும்பினார். "பேயின்னு சொல்லுது."

"இல்லீங்க," என்றார் டீச்சர். "இங்க 'அண்ணா'ன்னுதான் போட்டிருக்கு."

"தப்பா போட்டுகிறான். பேயிங்க அது."

டீச்சர் பட்டனை அழுத்திப் படத்தை நிறுத்தினார். "நானும் எங்க சித்தி பொண்ணுகிட்ட கேட்டேங்க. ரெண்டும் ஒரே எழுத்து மாதிரிதான் நம்ம காதுக்குக் கேக்குமாம். குரல மேல தூக்கினா பேயி. கீழ எறக்கினா அண்ணன், அக்கா. தெரியாதவங்களையும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்."

கோதண்டம் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். படம் மேலே ஓடியது. அந்தப் பெண் கேமராவைப் பார்த்துப் பேசினாள். டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார். 1992இல் ராணுவம் சுட்ட அன்றைக்குக் கூட்டத்தில் அண்ணனைத் தொலைத்தாள். யார் வீட்டிலாவது ஒளிந்திருப்பான் என்று விடிந்ததும் சந்து சந்தாகத் தட்டினாள். ஒருவரும் திறக்கவில்லை; அதைத்தான் படத்தில் மறுபடி நடந்து காட்டுகிறாள். அண்ணன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

"இதே சந்தாங்க?" என்று கோதண்டத்திடம் மெல்லக் கேட்டேன்.

"எல்லாச் சந்தும் ஒரே மாதிரிதாங்க இருக்கும் அங்க," என்றார். அப்புறம், "எங்க மெஸ்ஸு கதவு பச்சைங்க. இங்க ஒண்ணும் பச்சையா இல்ல," என்றார். சற்றுப் பொறுத்து அவரே, "பெயிண்டு மாத்தியிருப்பாங்க," என்றார்.

நாமும் பஸ்ஸில் இடம் கேட்கும்போது, வழி கேட்கும்போது, முன்பின் பார்க்காத ஆளை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். யாரும் அதைக் கேட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வதில்லை. கூப்பிடுவதில் அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

நான்காவது படமும் முடிந்து சன்னல் துணிகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். மணி ஒன்று. எனக்கு ஒன்றரை மணி வண்டி. பை எடுக்கும்போது கோதண்டத்தின் குரல் கேட்டது.

"டீச்சர், அந்தத் தட்டுற எடத்த மட்டும் இன்னொரு தபா போடுங்க."

போட்டார். பாதி வெளிச்சத்தில் படம் வெளுத்துத் தெரிந்தது. அவர் உதட்டை அசைத்துக் குரலை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். இன்னொரு தபா கேட்டார். மூன்றாவது முறை அவள் கதவைத் தட்டி "ப்பீ" என்றபோது கோதண்டம் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆங்… இதோ வரேம்மா" என்றார்.