தங்கச்சியின் இரண்டு நிமிடம்

என் தங்கச்சி அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். ஒரு நாள் இலங்கையில், கல்முனையில் இருக்கும் அண்ணன் எனக்குக் கோல் எடுத்து, "காக்கா, நான் சட்டசபையில கதைக்கப் போறன்" என்றாள்.

பக்கத்தில் இருந்த உம்மா, "ஏன், எலக்சன் கேக்கிறாளா?" என்றார்.

விசயம் அதுவல்ல. அவள் இருக்கும் மாநிலத்தில் ஒரு சட்டமூலம் வந்திருந்தது. விசையை அழுத்த அழுத்த, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துவக்குகளில் சில வகைகளை இனி விற்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆதரித்தோ எதிர்த்தோ யாரும் போய்ப் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம். யாராவது துவக்கோடு வந்தால் என்ன செய்வது என்று தன் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே சத்தமில்லாமல் ஒளிய வைத்துப் பழக்கிய அன்றுதான் அவள் பெயர் கொடுத்திருக்கிறாள்.

எனக்கோ என் கவலை. சவளக்கடைப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. பன்றிக் காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு நானும் ஒரு துவக்கு வைத்திருக்கிறேன்.

"வயல்காரன்ட துவக்கையும் பறிக்கச் சொல்லப் போறியா?"

"இல்ல காக்கா. உங்கடது ஒரு வெடியோட முடிஞ்சிரும். அத ஒருத்தரும் தொடமாட்டாங்க."

அவள் பேசும் நாள் அங்கே பின்னேரம், எங்களுக்கு விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்த நேரம். இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, உம்மாவும் நானும் தேத்தண்ணியோடு உட்கார்ந்தோம். முதலில் தொப்பி போட்ட ஒரு கிழவர் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். தங்கச்சியின் பக்கத்து வீட்டு வேட்டைக்காரர். அவளுடைய கார் மக்கர் பண்ணியதால், தன் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அவருக்குப் பிறகு அவள் எழுந்தாள்.

அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். 'என் அண்ணன்' என்றது விளங்கியது. 'தண்ணீர்த் தொட்டி' என்றதும் விளங்கியது.

அவளுக்கு மட்டும் சொன்ன கதை அது. மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, இருட்டில், வயலில் சரசரப்புக் கேட்டு, பன்றி என்று நினைத்துச் சுட்டேன். காவல் குடிசையான வாடிக்குப் பக்கத்தில் இருந்த என் தண்ணீர்த் தொட்டிதான் வெடித்தது. தலை முதல் கால் வரை நனைந்து நின்றபோது, தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரது?" என்று குரல் வந்தது. அடுத்த வயல்காரர் அங்கே கால் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார்.

மண்டபத்தில் முதலில் சிரிப்பு. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: அந்தத் துவக்கில் ஒரேயொரு தோட்டா. அது முடிந்ததால் என் அண்ணன் நின்று பார்த்தார். பார்த்ததால் ஒரு மனிதர் வீடு போய்ச் சேர்ந்தார். முப்பது தோட்டா இருந்திருந்தால்?

என்னைவிட உம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும்.

உம்மா என் பக்கம் திரும்பினார். "மகன், தொட்டிய யானை உடைச்சதெண்டுதானே எனக்குச் சொன்ன?"

"ஓம் உம்மா. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அன்று கருத்துக் கேட்ட சபைக் குழு சட்டமூலத்தை ஏற்று அடுத்த கட்டத்துக்கு அனுப்பியது. முழுச் சபையின் வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. கிழவரும் தன் நிலைப்பாட்டை மாற்றவில்லை. திரும்பிப் போகும்போது வழி நெடுக இருவரும் வாதாடியிருக்கிறார்கள். இறங்கும்போது அவர் கேட்டாராம்: "உன் அண்ணன் இருட்டில் லைட் இல்லாமலா சுடுகிறார்?"

இரண்டு மாதத்தில் அந்தக் கிழவர் அனுப்பிய ஒரு பார்சல் எனக்கு வந்தது. தலையில் கட்டும் லைட், நல்ல வெளிச்சம். இப்போது கரண்ட் போனால் உம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் சமைக்கக் குசினிக்குள் போகிறார். வயலுக்குக் கொண்டுபோக எனக்குக் கொடுப்பதில்லை.