நாய்க்கடியை மறைத்த இரண்டு நாட்கள்

கரிக்கலாம்பாக்கத்துக்கு மருமகளாக வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் தெருநாய் ஒன்று என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை. சின்ன வயதில் அடிபட்டு வீட்டுக்கு வந்தால், "எதுக்குடி அங்க போன?" என்று அப்பா பெல்ட்டை உருவுவார். காயத்தை மறைப்பது அப்போது வந்த பழக்கம்.

மூன்றாம் நாள், பக்கெட்டின் அடியில் நான் திணித்திருந்த பேன்ட்டை மாமியார் துவைக்க எடுத்தார்.

"இன்னாம்மா இது, ரத்தம்?"

"நாய் கடிச்சிடுச்சி அத்தே" என்ற நான், என்னையறியாமல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். எனக்கு வயது இருபத்து நான்கு.

அவர் பேன்ட்டைப் பக்கெட்டிலேயே போட்டார். பிறகு, "இந்த வூட்ல உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க. கெளம்பு, ஊசி போட்டுக்கினு வந்துடலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இதப் போயி மறைக்கலாமா? உயிரே போயிடும்" என்று கடிந்துகொண்டார். எல்லா ஊசியும் போட்டு இப்போது நலமாக இருக்கிறேன்.

போன வாரம் வெங்காயம் நறுக்கும்போது விரலில் லேசாகக் கீறிவிட்டது. துணி சுற்றக்கூடத் தேவையில்லை. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், "அத்தே, கைய வெட்டிக்கினேன்" என்று நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.